பூஜைக்குத் துடைத்த கணினி

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையைப் படபடவென்று தட்டிப் பஞ்சை உதறிய பிறகுதான் செல்வக்குமாரண்ணன் என் கடைக்குள் கால் வைப்பார். "உங்க பெட்டிகளுக்குப் பஞ்சு ஆகாதுங்க அம்மிணி" என்பார். இரண்டு வாரத்துக்கும் மேலாக, தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு இது நடக்கிறது. உள்ளே வந்ததும் ஒரே கேள்விதான்.

"இன்னைக்கு ஏதாச்சும் வந்துதுங்களா?"

நல்லூரில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்து எனக்குப் பதினோரு வருடம் ஆகிறது. அழிந்துபோன கோப்புகளுக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், என்னிடம் சண்டைக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷர் அழவும் மாட்டார், சண்டை போடவும் மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில், மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அவர். மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே ஊசி உடைந்ததைச் சொல்லிவிடுவாராம். இருபத்தாறு வருடம் அந்த இரைச்சலில் நின்றதால் நம்மிடமும் உரக்கத்தான் பேசுவார். தெருவே திரும்பிப் பார்த்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "கத்திப்போட்டனுங்களா?" என்று கேட்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் மாட்டியிருக்கும் நூல் கோன்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, காற்றடித்துப் பஞ்சை ஓட்டி, துடைத்துப் பொட்டு வைப்பார்கள். பூஜை முடிந்ததும் அதே கோன்களைத் திரும்ப மாட்டுவார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர், மகள் இந்துமதியின் கணினிக்கும் அதையே செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கிறார். வெளியே துடைத்தாயிற்று. உள்ளேயும் துடைக்க வேண்டுமே! எங்கெங்கோ தட்டிக்கொண்டே போயிருக்கிறார். எல்லாவற்றையும் எடுத்துவிடவா என்று அது கேட்டிருக்கிறது. சரி என்று அமுக்கிவிட்டார். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துபோயிற்று.

"எடுத்துப்போட்டுத் தொடைச்சுட்டு, மறுக்கா அதுவே மாட்டிக்கும்னு நெனைச்சனுங்க."

மாட்டிக்கொள்ளும், மாட்டிக்கொள்ளும் என்று இரண்டு நாள் அணைக்காமல் வைத்து எட்டியெட்டிப் பார்த்திருக்கிறார். அந்த இரண்டு நாளும் கணினி தனக்கு வேண்டியதைப் பதிவிறக்கி, அழிந்தவை இருந்த இடத்தின் மேலேயே எழுதி, மீட்க முடியாமல் ஆக்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கண்ணா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"பூஜை நாளுங்களா, உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னுட்டு இருந்துட்டனுங்க."

கணினியில் இருந்தவை அவர் மனைவி சித்ரகலாவின் படங்களும் வீடியோக்களும். அந்த அக்கா மஞ்சள் காமாலையில் போய் ஒன்றரை வருடமாகிறது. அக்காவின் போன் கெட்டுப்போகும் நிலைக்கு வந்தபோது, இந்துமதி எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி வைத்தாள். வேறு எங்கும் நகல் இல்லை. சென்னையில் நர்சிங் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தீபாவளிக்கு வருகிறாள்.

"பாப்பா ஊட்டுக்கு வந்தா மொதல்ல அவங்கம்மா பேசறதைத்தான் போட்டுக் கேக்குமுங்க. நான் என்னன்னு சொல்லுவனுங்க?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன? கணினியின் வன்வட்டைத் துருவித் துருவித் தேடியதில் நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வேலையை அவர் என்னிடம் விடவே இல்லை. ஒரு படத்தில் பாதி மட்டும் தெரியும், மீதி சாம்பல் நிறமாக இருக்கும். புடவைக் கரையும் ஒரு ஜிமிக்கியும் தெரிந்தால் போதும், "இது அவளுதுங்க, எடுத்து வெய்யுங்க" என்பார். இப்படி முந்நூறு படங்கள் தேறின. பேச்சு ஒன்றுகூடத் தேறவில்லை.

நேற்று, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், கடைசி நூறு கோப்புகள் மிச்சம். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அந்தப் பெண்ணிடம் நானே பேசிவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வீடியோவைத் தட்டினார். திரை கறுப்பாகவே இருந்தது. குக்கர் விசில் ஒன்று கேட்டது. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல்.

"அட, என்னைய எதுக்குங்க படம் புடிக்கறீங்க? போனைக் கீழ வெச்சுப்போட்டுக் கையைக் கழுவீட்டு வாங்க. சோறு ஆறுது."

பன்னிரண்டு விநாடி. முடிந்துவிட்டது.

"அண்ணா, வந்துருச்சு! அக்கா பேசறாங்க!" என்று நான் கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்தார். கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் இரண்டு கைகளையும் கழுவினார்.