கதவோரக் கொக்கி

மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் வேலை பார்த்த ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்ததால்தான், அவர் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மருத்துவ விடுப்பில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறைக்கு வந்துவிடுவார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒட்டிய கன்னம், கழுத்தோடு கட்டித் தொங்கவிட்ட வலது கை. வந்ததும் தொப்பியைக் கழற்றிக் கதவோரக் கொக்கியில் மாட்டுவார். அது அவருடைய பழைய கொக்கி. இப்போது என் கோட் அதில் தொங்கும். அதன் மேலேயே மாட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை டிவியில் ஐஸ் ஹாக்கிச் செய்தி. மொன்றியல் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் அடிபட்டுக் கிடக்க, வேறு அணியிலிருந்து ஒருவனை மாற்றி வாங்கியிருந்தார்கள்.

"காயம் மாறினா பழைய ஆக்களைத் திருப்பி எடுப்பினமோ தம்பி?" என்று கேட்டார்.

"எடுப்பாங்க அண்ணே. அவங்க இடம் அப்படியே இருக்கும்."

அவர் கொக்கியைப் பார்த்தார். "ஓம், இடம் இருக்கும். அதில வேற ஆள் நிப்பான்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தாலும் நியாயம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டுக் கொக்கியைக் காலியாக விட்டேன். அவர் வரவில்லை. பிறகும் வரவில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்தவன் அந்தக் கொக்கியில் தன் கோட்டை மாட்டினான். நான் என் கோட்டை வழக்கம்போல நாற்காலியிலேயே போட்டேன்.