நூலண்ணன் எடுக்க மறந்த அளவு

நகரப் பேருந்து டெப்போவில் எத்தனையோ டிரைவர்கள். ஆனால் "நூலண்ணன் எங்கே?" என்று கேட்டால், ஓய்வறையின் ஜன்னலோரப் பெஞ்சைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, காதுவரை முறுக்கிய மீசையோடு, கதவு நிறையும் உடம்போடு ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். மடியில் கம்பளி நூல்கண்டு, கையில் இரண்டு பின்னல் ஊசிகள். அந்த ஊசிகளுக்கு நடுவே, கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி சாக்ஸ் தொங்கிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சிகரெட்டால் வந்தது. நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டர், "இதோட நிறுத்திடுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரம் அவருக்கு எமனாகிவிட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும், வெறுமையாகத் திரும்பும். பார்த்துக்கொண்டே இருந்த மனைவி ஒருநாள் இரண்டு ஊசிகளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பிடிச்சுப் பழகின கை சும்மா இருக்காது. இந்தாங்க, இதைப் பிடிங்க."

முதலில் டெப்போவே விழுந்து விழுந்து சிரித்தது.

"என்னண்ணே, இந்த வயசுல நூல் விடுறீங்க? அண்ணிக்குத் தெரியுமா?" என்றான் மெக்கானிக்.

"அண்ணிதான்டா நூலே வாங்கிக் கொடுத்தா."

அதன் பிறகு சிரித்தவர்கள் ஒவ்வொருவராக, தலையைச் சொறிந்துகொண்டு, வேறு யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து நின்றார்கள். "அண்ணே... நம்ம வீட்லயும் ஏழாவது மாசம்..." அவ்வளவுதான். அவர் மேலே ஒன்றும் கேட்க மாட்டார். ஒரு ஸ்வெட்டர், ஒரு ஜோடி சாக்ஸ், உச்சியில் குஞ்சம் வைத்த ஒரு குல்லா, குழந்தை பிறக்கும் முன்பே தயாராகிவிடும். டெப்போ மேலாளருக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது இரண்டு குல்லா போனது. "மேலதிகாரிக்கே குல்லா போட்ட ஒரே டிரைவர்" என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது.

மனைவியும் இந்த விஷயத்தில் லேசுப்பட்டவள் இல்லை. கடைத்தெருக் கோடியில் அவளுக்கு ஒரு சின்ன ஆல்டரேஷன் கடை. பேண்டின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. வெட்டி விழும் துண்டுகளில் ஒன்றையும் அவள் குப்பைக்கு விடமாட்டாள். சதுரம் சதுரமாக நறுக்கி, கலர் பார்த்து ஒன்றோடொன்று தைத்து, கை அகலத்துக்கு ஒரு கட்டம் செய்வாள். கட்டங்கள் சேர்ந்தால் போர்வை. "இந்த நீலம் ஒரு வக்கீலோட கால்சட்டை. இந்தப் பூப்போட்டது பூக்கடைக்காரியோட பாவாடை. ரெண்டு பேரும் நேர்ல பார்த்தா சண்டை போடுவாங்க, என் போர்வையில ஒத்துமையா இருக்காங்க" என்பாள்.

இப்படி ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பின்னியும் தைத்தும் கொடுத்த அந்த வீட்டில், ஒரே ஒருத்தி வரும்போது மட்டும் நூல்கூடை கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

அவருடைய தங்கை. பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தில் வேலை. வயது நாற்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு அவள் 'பாப்பா'தான். கல்யாணமாகிப் பல வருடங்கள் ஓடியும் அவள் மடி நிறையவில்லை. ஆஸ்பத்திரி வாசல்களை ஏறி இறங்கிக் களைத்த பிறகு, "என் கட்டம் சரியில்ல அண்ணி. நீங்களாவது உங்க கட்டத்தைச் சரியாத் தைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அண்ணன் குழாயடிக்குப் போய் முகம் கழுவுவார்.

அவள் வருகிறாள் என்றாலே வீட்டில் ஓட்டமும் பாய்ச்சலும்தான். ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டாள். பதற்றத்தில் பாதி பின்னிய ஸ்வெட்டரை அண்ணன் வாஷிங் மெஷினுக்குள் திணித்தார். அது தெரியாத மனைவி வெந்நீர் விட்டு மெஷினை ஓடவிட்டாள். வெளியே வந்தது எலிக்குட்டிக்குப் போடலாம் போல இருந்தது. "என்ன அண்ணி, ஆட்டு மந்தை வாசம் வருது?" என்று தங்கை கேட்க, கணவனும் மனைவியும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்படி இருக்கையில்தான் ஒரு மதியம், டெப்போ வாசலில் இருந்தபோது, அந்த போன் வந்தது.

"அண்ணா... நாங்க தத்து எடுக்கிறோம். எல்லாம் முடிஞ்சிடுச்சு. அடுத்த மாசம் குழந்தையைக் கூட்டிட்டு நேரா உங்க வீட்டுக்குத்தான் வர்றோம்."

இரண்டு பக்கமும் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான்.

"இப்ப ஒண்ணும் கேக்காதண்ணா. கைக்கு வர்ற வரைக்கும் பேசவே பயமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நூலண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே கடைக்குப் போய், இருப்பதிலேயே மிருதுவான மஞ்சள் நூலை வாங்கினார். இத்தனை வருடமும் யார் யாருக்கோ ஓடிய ஊசிகள் இப்போதுதான் தன் வீட்டுக்கு ஓடுகின்றன என்று நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் கண்ணை மறைத்தது. கண்ணி நழுவியது. பிரித்தார், மறுபடி பின்னினார். தங்கையின் குழந்தைக்கு ஒரு கண்ணிகூடத் தப்பாக இருக்கக்கூடாது. இவ்வளவு காலமும் அவளிடமிருந்து ஒளித்து வைத்ததற்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு ஸ்வெட்டர் பதில் சொல்ல வேண்டும்.

"எத்தனை மாசக் குழந்தைன்னு கேட்டீங்களா?" என்றாள் மனைவி, கட்டங்களைத் தரையில் பரப்பியபடி.

"அவதான் எதுவும் கேக்காதன்னுட்டாளே. குழந்தைன்னா குழந்தைதான். டெப்போ அளவுலயே போட்டுட்டேன்."

டெப்போ அளவு என்றால் பிறந்த குழந்தையின் அளவு. அவருக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான்.

அவர்கள் வரும் நாளன்று, வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் காலிக் கட்டிலில் மனைவி சின்னப் போர்வையை விரித்தாள். அதன்மேல் அவர் ஸ்வெட்டரை வைத்து, தலைமாட்டில் குல்லாவையும் கால்மாட்டில் சாக்ஸையும் அடுக்கினார். காற்றையே குழந்தையாகப் படுக்க வைத்தது போல இருந்தது. இருவரும் மாறி மாறி அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

அழைப்பு மணி அடித்ததும் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தார். தங்கை நின்றாள். பின்னால் இரண்டு பெட்டிகளோடு மாப்பிள்ளை. தங்கையின் தோளில் ஒன்றுமில்லை. மாப்பிள்ளையின் கையிலும் ஒன்றுமில்லை.

"வா பாப்பா! குழந்தை எங்கே?"

கேட்ட பிறகுதான் கீழே பார்த்தார். தங்கையின் புடவைக் கொசுவத்தைப் பற்றிக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். முன்பல் இரண்டு இல்லை. ஒரு பக்கச் சடை அவிழ்ந்திருந்தது.

"நான்தான்" என்றாள்.

நூலண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் எதை நினைத்துப் பயந்துகொண்டு வந்தாளோ, அது வாசலிலேயே நடந்துவிட்டது.

குட்டியோ அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறொரு சந்தேகம். "எங்கம்மாவையா பாப்பான்னு கூப்பிட்டீங்க? இவ்ளோ பெருசா இருக்காங்க?"

எங்கம்மா! அந்தச் சொல்லில் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. மனைவி சட்டென்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்தாள். ஆனால் குழந்தைகளுக்கு எந்த வீட்டிலும் திறக்கக்கூடாத கதவுதான் முதலில் கண்ணில் படும். திறந்திருந்த அறைக்குள் நேராக ஓடிய குட்டி, கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஸ்வெட்டரைத் தொட்டாள். ஒரு சாக்ஸை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தாள். அது சரியாகப் பொருந்தியது.

"இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு..." மனைவிக்கு வாய் குழறியது.

குட்டி திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அப்ப இவங்க கேட்டது வேற பாப்பாவா?"

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை பெட்டிகளைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அளவு பிசகாமல் பின்னிய அந்தக் கைகள், சொந்தத் தங்கை பெண்ணுக்கு முன்னால் செய்வதறியாமல் தொங்கின. அந்தக் கணத்தில்தான் போனில் கேட்ட அந்தச் சொல் அவர் மண்டையில் மணியடித்தது. 'கூட்டிட்டு வர்றோம்' என்றல்லவா சொன்னாள்! கைக்குழந்தையை யாராவது கூட்டிக்கொண்டு வருவார்களா? தூக்கிக்கொண்டுதானே வருவார்கள்! சொன்னவள் சரியாகத்தான் சொன்னாள். அழுதுகொண்டே கேட்டவர்தான் தப்பாகக் கேட்டார்.

அந்தப் பெரிய உடம்பு தரையில் மண்டியிட்டது.

"இல்லடா தங்கம். நாங்க கேட்டது உன்னைத்தான். மாமா அளவைத் தப்பா எடுத்துட்டேன்."

குட்டி யோசித்தாள். "எப்ப எடுத்தீங்க? என்னை நீங்க அளவே எடுக்கலையே!"

மனைவி சிரித்துவிட்டாள். "போச்சு! டெப்போவே கேக்காத கேள்வியை இவ வந்ததும் வராததுமாக் கேட்டுட்டா!"

"நியாயம்தான். எடுக்கவே இல்ல" என்றார் நூலண்ணன். "ஏய், உன் டேப்பைக் கொண்டா!"

மனைவியின் கழுத்தில் எப்போதும் கிடக்கும் டேப் அவர் கைக்கு வந்தது. குட்டி குதிகாலை உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்து, கையை விரித்து நின்றாள். "எக்காதே, கள்ளி!" என்று அதட்டிக்கொண்டே தோளை அளந்தார், கையை அளந்தார், மார்பைச் சுற்றி அளந்தார். அக்குளில் டேப் பட்டதும் அவள் நெளிந்து சிரித்தாள்.

அளந்து முடித்ததும் அவர் செய்ததைப் பார்த்து மனைவிக்குத் திக்கென்றது. மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தார். கழுத்தோரத்து முடிச்சைக் கத்தரியால் நறுக்கி, நுனியைக் குட்டியின் கையில் கொடுத்தார்.

"இழுத்துக்கிட்டே ஓடு!"

"ஐயய்யோ! ஒரு மாச உழைப்புங்க!"

யார் கேட்டார்கள்? குட்டி ஓடினாள். கூடத்தைச் சுற்றி, மாப்பிள்ளையின் காலைச் சுற்றி, சமையலறைக்குள் புகுந்து மறுபக்கம் வந்து, வாசல்வரை போய்த் திரும்பினாள். நூலண்ணனின் கையில் வரிசை வரிசையாக ஸ்வெட்டர் கரைந்தது. வீடெங்கும் மஞ்சள் நூல் சுருட்டை முடியாகக் குவிந்தது. நடுவில் மாப்பிள்ளை கட்டிப்போட்ட கன்றுக்குட்டியாக அசையாமல் நின்றார்.

"பிரிச்சா இவ்ளோ வருமா?" குட்டிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் வாங்கிச் சேர்த்துக்கலாம்."

"நான் வளர்ந்துட்டா?"

"மறுபடி பிரிப்போம்."

மனைவி மட்டும் சும்மா இருப்பாளா? போர்வையை எடுத்துக் குட்டியின் மேல் போர்த்திப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே. "இது ஒரு பெரிய விஷயமா? கட்டந்தானே, சேர்த்துட்டாப் போச்சு" என்று துண்டுத்துணிப் பையைத் தரையில் கவிழ்த்தாள். குட்டி வக்கீலின் நீலத்தை ஒதுக்கிவிட்டு, சிவப்பாகவே பொறுக்கினாள். சாக்ஸ் இரண்டை மட்டும் பிரிக்கவிடவில்லை. இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொண்டு அவற்றை ஒன்றோடொன்று பேச வைத்தாள்.

மறுநாள் காலை, அலசிக் காயவைத்த நூலைக் கண்டாகச் சுற்ற உட்கார்ந்தார் நூலண்ணன். நூல்வளையத்தை மாட்ட நாற்காலியை இழுத்தபோது, தங்கை வந்து எதிரில் அமர்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"எங்கிட்ட மாட்டு."

நூல் அவள் கையிலிருந்து அவர் கைக்கு வரத் தொடங்கியது.

"அஞ்சு வயசுன்னா எல்லாரும் 'இவ்ளோ பெருசா'ன்னு கேப்பாங்கன்னுதான் சொல்லல. நீயும் அப்படிப் பார்த்துடுவியோன்னு பயந்தேன்" என்றாள்.

"பார்த்துட்டேனே பாப்பா, வாசல்லயே!"

"பார்த்தே. அப்புறம் அளந்தே. அது போதும்." கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டி நூலை விட்டுக்கொடுத்தாள். "கட்டிலுக்கு அடியில கூடையைத் தள்ளுவியே, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? ஒவ்வொரு தடவையும் நூல் நுனி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பின்னினது வலிக்கலண்ணா. ஒளிச்சதுதான் வலிச்சுது."

அண்ணன் குழாயடிக்கு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உட்காரு. என் கை கட்டிக் கிடக்கு, நீ எங்க ஓடறே? இங்கேயே அழு."

அழுதார். அவளும் அழுதாள். சாக்ஸ் மாட்டிய கட்டைவிரலோடு வந்த குட்டி இருவரையும் பார்த்துவிட்டு, "அத்தை, பெரிய பாப்பா ரெண்டும் அழுவுது!" என்று உள்ளே குரல் கொடுத்தாள். "தண்ணி கொடுத்துட்டு வா, சரியாயிடும்" என்று தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து பதில் வந்தது.

லீவு முடிந்து அவர் டெப்போவுக்குப் போன அன்று, மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பெஞ்சுப் பக்கம் வந்தான். அக்கம்பக்கம் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணே... நம்ம வீட்டுக்கும் ஒரு குழந்தை வருதுண்ணே."

மடியில் மஞ்சள் ஸ்வெட்டரின் நீளமான கை வளர்ந்துகொண்டிருந்தது. நூலண்ணன் ஊசிகளை நிறுத்திவிட்டு, சட்டைப்பையில் கைவிட்டார். சிகரெட்டுப் பாக்கெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு டேப் இருந்தது.

"தெளிவாச் சொல்லுடா. தூக்கிட்டு வருவியா, கூட்டிட்டு வருவியா?"