ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்த வீடு

மாமா, என் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். வெறும் லிஃப்டை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. மணல் மூட்டைகளை அடுக்கி, மேலும் கீழுமாக நாலு தடவை ஓட்டிய பிறகுதான் பேனாவைத் தொடுவார். செருப்பு வாங்கினால்கூட அதைப் போட்டுக்கொண்டு கடைப் படிகளில் ஏறி இறங்குவார். அவரோடு கடைக்குப் போவதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது.

அக்கா வீட்டிலேயே திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிறாள். பெரிய மோட்டார் வைத்த மெஷின். ஓடினால் தரை அதிரும். அதனாலேயே பதினெட்டு வருஷத்தில் ஏழு வாடகை வீடு மாறினார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் கம்பால் கூரையை இடிப்பார்கள், இல்லையென்றால் மேலே வந்து கதவைத் தட்டுவார்கள். போகப்போக, தட்டுவது பால்காரராக இருந்தாலும் அக்காவின் கால் தானாகவே பெடலை விட்டு எழுந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

நான் வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருக்கிறேன். சொந்த வீடு வாங்கிவிட்டால் எவன் வந்து கேட்பான் என்பது என் கட்சி. விண்ணப்பம்கூடத் தயார். மாமாவோ கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் பக்கம் சாய்ந்தார். அங்கே பங்குத் தொகை கட்டி உறுப்பினரானால் ஆயுசுக்கும் குடியிருக்கலாம், மாதம் கட்டுவதும் கடன் தவணையில் பாதிதான். ஆனால் லாபத்துக்கு விற்க முடியாது. புது ஆளைச் சேர்ப்பது உட்பட எதையும் எல்லோரும் கூடி ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அக்கா பயந்தது அந்த ஓட்டுக்கு. மாமா பயந்தது என் இருபத்தைந்து வருஷத் தவணைக்கு. அது முடியும்போது அவருக்கு அறுபத்தெட்டு, முழங்கால் இப்போதே தகராறு.

எந்த வீடானாலும் மெஷினை ஓட்டிப் பார்க்காமல் முடிவில்லை என்று மாமா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். நான் பார்த்து வைத்திருந்த வீட்டின் பில்டரிடம் போய்க் கேட்டார். முன்பணம் கட்டுங்கள், அப்புறம் மெஷின் என்ன, ரயிலே விடலாம் என்று அவர் சிரித்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

சங்கத்து நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். மெஷினைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் பேச்சே இதுதான்:

"எங்க வீட்ல தையல் மெஷின் ஓடும். சத்தம் வரும். ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுறோம், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

நுணலும் தன் வாயால் கெடும். அக்காவின் முகம் சுண்டிவிட்டது. நான் மனசுக்குள் கடன் விண்ணப்பத்தைத் தூசி தட்டினேன்.

சங்கத்தார் சரி என்றார்கள். சனிக்கிழமை காலை மெஷினை அவர்கள் காட்டிய முதல் மாடி வீட்டுக்குத் தூக்கினோம். லிஃப்ட் மெக்கானிக் பிடித்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது; என் இடுப்புக்கு அது இன்னும் நினைவிருக்கிறது. மேலே அக்கா ஓட்ட, கீழ்வீட்டில் நானும் மாமாவும் கேட்டோம். அந்த வீட்டில் தனியாக இருக்கும் ரிடையரான கணக்கு டீச்சர், தன் பல்லே ஆடுவதாகச் சொன்னார். மாமா லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் வைக்கும் தடித்த ரப்பர் கட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போனார். மெஷின் காலடியில் வைத்தார், கீழே வந்து கேட்டார், மறுபடி போய் மாற்றினார். நாலாவது தடவை டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"லேசா கேக்குது. சாயங்காலம் ஏழு மணியோட நிறுத்திக்கிட்டா எனக்குப் பரவாயில்ல."

ஓட்டெடுப்பில் முதலில் உயர்ந்த கை டீச்சருடையது. எனக்குக் கொஞ்சம் கடுப்புத்தான்.

குடிபோய் ஒரு வருஷமாகிறது. போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். பார்க்கப் போயிருந்தேன். மாமா வேலைக்குப் போயிருந்தார், மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. கதவை யாரோ தட்டினார்கள். படுத்திருந்த அக்கா பதறி எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் ஓட்டவே இல்லையேடா."

திறந்தேன். டீச்சர் நின்றிருந்தார், மாடி ஏறிய மூச்சு வாங்கலோடு.

"ரெண்டு நாளா சத்தத்தையே காணோம். அவங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

அக்கா அழுதுவிட்டாள், சிரித்துக்கொண்டே. டீச்சருக்கு நாற்காலி போட்டேன். என் வயிறு குளிர்ந்தது.