மாமி வீட்டுத் தேக்கு மேசை

பேராதனையில் ஒரு தளபாடக் கடையில் சாப்பாட்டு மேசை பார்த்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் தேன்மெழுகு டின் ஒன்றைத் திறந்தார். அந்த வாசனை என்னைக் கம்பளையில் இருந்த மாமி வீட்டுக்குக் கொண்டுபோனது. அந்த வீட்டை இடித்து இப்போது கடைகள் கட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலைகளில் மாமியும் என் வயதுடைய அவர் மகள் பஸ்ரியாவும் தேக்கு மேசைக்கு மெழுகு பூசி, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே, பழைய பருத்தித் துணியால், பேசிக்கொண்டே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலோ மழை ஈரத்தில் ஓரம் உப்பிப்போன, மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்ட் மேசை. உம்மாவுக்கு அதைத் துடைக்கவே நேரமிருக்காது.

ஒரு நாள் பொறாமை தாங்காமல், கொதிக்கும் தேநீர்க் கோப்பையை அந்தத் தேக்கின்மேல் வேண்டுமென்றே வைத்தேன். எடுத்தபோது வெள்ளை வட்டம் விழுந்திருந்தது.

“ஆரு இதச் செஞ்ச?” என்று மாமி கத்தினார்.

“நான்தான் உம்மா, மறந்துட்டேன்,” என்றாள் பஸ்ரியா, என் பக்கம் திரும்பாமலே.

மாமி அவளை ஏசித் தீர்த்தார். ஏசிக்கொண்டே மகளின் கையில் துணியைத் திணித்து, தானும் குனிந்து, தலையோடு தலை முட்ட இருவரும் அந்த வட்டத்தைத் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கதவருகே நின்ற எனக்குத் தப்பித்த நிம்மதி வரவில்லை. அந்த ஏச்சு எனக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் வயிறு எரிந்தது.