கண்காட்சியில் பூசிய சந்தனம்

இப்பல்லாம் ஜவுளிக் கண்காட்சிக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க கையில ஒரு பையும் தண்ணி பாட்டிலும் கொடுத்து, பல்லைக் காட்டி அனுப்பிடறாங்க. பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது. பாவாவோட கடை போட்ட அந்தக் காலத்தை நினைச்சா மனசு இன்னும் ஏங்குது.

பாவான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில தறி வச்சு லுங்கித் துணி நெய்யறவர். உள்ளூர் வியாபாரம் படுத்துக்கிச்சு. வெளிநாட்டு ஆர்டர் ஒண்ணாவது கிடைக்கலைன்னா பாதி தறியை நிறுத்தணும்ங்கிற நிலைமை. அதுக்காகத்தான் சென்னைக் கண்காட்சியில கடை எடுத்தார். "வர்றவங்களை வரவேற்க மச்சினி உன் வாய்தான் சரி"ன்னு திருத்தணியிலிருந்து என்னையும் கூட்டிக்கினு போனார்.

நான் விடுவேனா? கல்யாண வீட்டு வாசல் மாதிரி சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் சொம்பு எல்லாம் வச்சேன். முதல் நாள் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல. மறுநாள் மத்தியானம் ஆப்பிரிக்காவிலிருந்து துணி வாங்க வந்த ஒரு அம்மா, மொழிபெயர்க்கிற பொண்ணோட உள்ள வந்து உட்கார்ந்தாங்க. என் வயசுதான் இருக்கும். பாவா பரபரன்னு துணியைப் பிரிச்சார். அவங்க வெக்கை தாங்காம தலையில கட்டியிருந்த துணியை அவிழ்த்தாங்க. மழமழன்னு மொட்டை.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, எங்க திரும்பினாலும் மலையில முடி இறக்கினவங்கதான். மொட்டையைப் பார்த்தா சந்தனம் பூசத்தான் எனக்குத் தெரியும். "அட, எந்தக் கோயில் வேண்டுதல்?"னு கேட்டுக்கினே கிண்ணத்தை வழிச்சு, ரெண்டு கையாலயும் அவங்க தலை முழுக்கப் பூசிட்டேன்.

பொண்ணு திருதிருன்னு முழிச்சுது. நான் கேட்டதை அவங்ககிட்ட சொல்லிச்சு. அவங்க மெல்ல ஏதோ பேசினாங்க.

"வேண்டுதல் இல்லக்கா. கேன்சராம். மருந்துல முடி கொட்டிடுச்சாம்."

ஐயோ முருகா! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவங்க கண்ணுல தண்ணி. துணியைத் தொட்டுக்கூடப் பார்க்காம, சந்தனத் தலையோட எழுந்து போயிட்டாங்க.

சென்ட்ரல்ல ரயில் ஏறினதும் பாவா ஆரம்பிச்சார். "ஆர்டரும் போச்சு, மானமும் போச்சு. வந்தவங்க தலையைப் போய்த் தடவுவியா?" அரக்கோணம் தாண்டியும் அர்ச்சனை ஓயல. எனக்கு ஆர்டரைவிட அந்த அம்மா அழுததுதான் உறுத்திக்கினே இருந்துச்சு. தீபாவளிக்குள்ள பாதி தறி நின்னுபோச்சு. அக்கா என்கிட்ட முகம் கொடுத்தே பேசல.

கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாம அடுத்த வருஷமும் பாவா என்னையே கூப்பிட்டார். "கையைக் கட்டிக்கினு உட்காரு, போதும்"னார். அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன். சுருட்டை முடியோட ஒரு அம்மா நேரா எங்க கடைக்கு வந்தாங்க. எனக்கு அடையாளமே தெரியல. கூட வந்தது அதே மொழிபெயர்ப்புப் பொண்ணுதான்.

"போன வருஷம் வந்தவங்கதான் அக்கா. அப்போ இவங்க தலையைப் பார்க்கிறவங்க எல்லாம் சட்டுனு வேற பக்கம் திரும்பிக்குவாங்களாம். தொட்டது டாக்டருங்களும் நீங்களும்தானாம். அன்னிக்கு அந்தச் சந்தனத்தைக் கழுவ மனசே வரலையாம்."

பாவா அவசரமா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவங்க துணியைப் புரட்டிப் பார்த்து நாலு தினுசுக்கு ஆர்டர் சொன்னாங்க. நின்ன தறியெல்லாம் ஓடற அளவுக்கு. பாவா பேனாவைத் தேடி எடுத்து எழுத ஆரம்பிச்சார்.

நான் மட்டும் கட்டின கையைப் பிரிக்கல. அந்த அம்மாவே வந்து பிரிச்சு, என் உள்ளங்கையைத் தூக்கித் தன் முடிமேல வச்சுக்கினாங்க.