பந்து நேராகத்தான் வந்தது

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, டிரம்பெட்டின் மூன்று பிஸ்டன்களையும் உருவி எடுத்துப் பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாகப் படுக்கவைத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பார். அந்த வாசனை எங்கள் ஒற்றை அறை வீட்டில் அப்படியே நின்று, அடுப்பில் கொதிக்கும் கறிக்குழம்பின் வாசனையை ஓரம் தள்ளிவிடும். "சோத்துல கைய வச்சா மண்ணெண்ண வாசன வருது" என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பா காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்.

அப்பாவின் பெயர் ஆரோக்கியம். திண்டிவனத்தில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தார். கல்யாண ஊர்வலம், மாதா தேர், மஞ்சள் நீராட்டு, சாவு என்று எதற்குக் கூப்பிட்டாலும் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு போகும் பன்னிரண்டு பேரில் அவர் முன்வரிசைக்காரர். இருந்த இடத்தில் இருக்க அவருக்கு வராது. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், சாமியார் பிரசங்கம் வைக்கும்போதும், வலது கையின் மூன்று விரல்கள் தொடையின் மேல் எதையோ அழுத்திக்கொண்டே இருக்கும். வாசிப்பும் அப்படித்தான். சினிமாப் பாட்டின் பல்லவி முதல் தடவை ஒழுங்காக வரும். இரண்டாம் தடவை திரும்பும்போது மெட்டை விட்டு இறங்கி எங்கோ ஒரு சந்தில் நுழைந்து சுற்றிவிட்டு, மற்றவர்கள் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ என்று கேட்பவருக்குக் கவலை வரும் நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வார். செட்டை நடத்திய செல்வராஜ் மாஸ்டருக்கு அது பிடிக்காது. "பாட்ட வாசி ஆரோக்கியம், உன் பாட்ட வாசிக்காத" என்று ஊர்வலத்தின் நடுவிலேயே திரும்பிச் சொல்வார்.

அந்தக் குணம் எனக்கும் வந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது பிய்க்கும். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒடம்புல எறும்பு ஓடிக்கினே இக்குது" என்பாள் அம்மா. நிலக்கடலைக் கொல்லைகளில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போய்விட்டு, இடுப்பொடிந்து வந்து ஒரு மூலையில் உட்காரும் அவளுக்கு, காரணமே இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பேரோடு குடும்பம் நடத்துவது எத்தனை சலிப்பாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோணிப்பை வந்தது. விளையாட்டுக்கு இருந்த வசந்தா டீச்சர் அதை மைதானத்தில் கவிழ்த்தபோது தோல் கையுறைகள், இரண்டு மட்டைகள், நாலைந்து மஞ்சள் பந்துகள், கம்பி போட்ட முகமூடி ஒன்று, இவ்வளவும் விழுந்தன. "இதுக்குப் பேரு சாஃப்ட்பால். அமெரிக்காவுல பேஸ்பால்னு ஆடறாங்களே, அதுக்குத் தங்கச்சி" என்றார் டீச்சர். நான் ஒரு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்தேன். பெயரில் மட்டும்தான் அது சாஃப்ட். கையில் கல் மாதிரி இருந்தது.

ஆட்டம் எளிமையானது. ஒருத்தி கையைக் கீழிருந்து வீசிப் பந்து போடவேண்டும், மட்டைக்காரி அடித்துவிட்டு ஓடவேண்டும், மட்டைக்காரிக்குப் பின்னால் முகமூடி மாட்டி ஒருத்தி குந்தியிருந்து தவறும் பந்தைப் பிடிக்கவேண்டும். மட்டைக்காரிக்கு எட்டாத பந்தை நாலு தடவை போட்டுவிட்டால் அவள் அடிக்காமலேயே நடந்து முதல் கட்டத்துக்குப் போய்விடலாம். பந்து போடும் வேலை எனக்கு வந்தது. "ரோஸ்லினுக்கு வேகம் இக்குது, தெசைதான் இல்ல" என்று டீச்சர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தினமும் அரை மணி நேரம்தான் மைதானம் கிடைக்கும். எனக்கு அது போதவில்லை. கையுறை ஒன்றையும் பந்து ஒன்றையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, எதிரே குந்தி உட்காரும்படி அப்பாவைக் கேட்டேன்.

கோயிலின் பின்சுவருக்கும் வேலிக்காத்தான் புதருக்கும் நடுவில் ஒரு நீளமான இடம் இருந்தது. சாயங்காலம் ஊர்வலம் இல்லாத நாட்களில் நாங்கள் அங்கே போவோம். அப்பாவுக்குப் பந்து பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பந்து பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர் இல்லை. குந்திய இடத்தில் ஆடுவார், பந்து கையுறையில் விழும் ஓசையைக் கேட்டு "இது கொஞ்சம் கீழ் சுருதி, இன்னும் ஏத்து" என்பார். பந்து கையுறையின் நடுவில் விழுந்தால் ஒரு சத்தம், ஓரத்தில் விழுந்தால் இன்னொரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே அவரால் என் பந்தின் தரத்தைச் சொல்ல முடிந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் இப்படிப் போயின. என் பந்துக்குத் திசை வந்தது.

எனக்கு அந்த ஆட்டத்தில் இன்றும் பிடித்தது அதன் காத்திருப்புதான். இப்போது நான் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். விக்கிரவாண்டி டோலில் வண்டி நிற்கும்போது போனில் பேஸ்பால் பார்ப்பேன். மற்ற நேரம் ஜாஸ் என்ற அமெரிக்க இசையைக் கேட்பேன். பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு இரண்டும் விளங்குவதில்லை. "என்னம்மா, ஒருத்தனும் ஓட மாட்றான்" என்று ஒருவர் கேட்டார். ஓடாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் ஆட்டம் நடக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது? பந்து போடுகிறவன் தலையாட்டுகிறான், தொப்பியைத் தொடுகிறான், மறுபடி தலையாட்டுகிறான். அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல ஜாஸ்காரனும் ஒரு சுரத்தை முடித்துவிட்டு அப்படித்தான் ஒரு கணம் சும்மா நிற்பான். என்னைப்போல உடம்பு அடங்காதவர்களுக்கு அந்த ஒரு கணம் தாங்க முடியாதது. அதனாலேயே விடவும் முடியாதது.

மார்கழி முடிய இருந்தது. விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி தை மாதக் கடைசியில். தை என்றால் செட்டுக்கும் கல்யாணங்கள் அடுத்தடுத்து வரும் காலம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். நான் கையைச் சுழற்றிவிட்டேன். அதே நேரம் நெடுஞ்சாலையில் போன பஸ் ஒன்று ஏர் ஹாரனை அடித்தது. நாலைந்து சுரத்தில் பாட்டு மாதிரி இழுக்கும் ஹாரன். அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பந்து என் கையை விட்டுப் போயிருந்தது.

சத்தம் கையுறைச் சத்தமாக இல்லை. அப்பா பின்னால் சாய்ந்து மண்ணில் உட்கார்ந்தார். ஓடிப்போய்ப் பார்த்தபோது மேலுதடு பிளந்திருந்தது. உள்ளங்கையில் துப்பினார், ரத்தத்தோடு முன்பல் ஒன்று இருந்தது. பக்கத்துப் பல்லும் ஆடியது. நான் அழக்கூட இல்லை. அவர் நாக்கால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்பெட் வாசிப்பவருக்கு உதடும் முன்பல்லும்தான் எல்லாம் என்பது எனக்கே தெரியும்.

"சைக்கிள்ல இருந்து வுழுந்துட்டேன்னு சொல்லிக்கலாம்" என்றார்.

"அம்மாகிட்ட பொய் சொல்லணுமாப்பா?"

"உண்மைய சொன்னா உன்ன வெளையாட உட மாட்டா. நான் வுழுந்தது வுழுந்ததாவே இருக்கட்டும், பாப்பா."

பெரியாஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். தை பிறந்தது. அப்பாவால் ஊத முடியவில்லை. மாஸ்டர் விக்கிரவாண்டியிலிருந்து ஒருவரை வரவழைத்து முன்வரிசையில் நிறுத்தி, அப்பாவுக்குப் பின்வரிசையில் பெரிய டிரம்மைக் கொடுத்தார். சிவப்புக் கோட்டோடு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டு அவர் போவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். மதியத்தில் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்பெட்டை உதட்டில் வைத்துப் பார்ப்பார். காற்று மட்டும் வரும். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் காற்று காதுக்குள்ளேயே ஊதுவது மாதிரி இருக்கும். அம்மா சைக்கிளைத் திட்டுவாள். "வித்துத் தொலைங்க அந்தச் சனியன" என்பாள். நான் எழுந்து தெருவில் போய் நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடியும் போவேன்.

போட்டி நாள் வந்தது. விழுப்புரம் மைதானத்தில் நான் பந்தோடு நின்றேன். எதிரே எங்கள் பள்ளிப் பெண் முகமூடி மாட்டித்தான் குந்தியிருந்தாள். அந்தக் கம்பிக்குப் பின்னால் எனக்கு அப்பாவின் வாய்தான் தெரிந்தது. கை சுழன்று வந்து கடைசி நொடியில் தானாகப் பந்தை ஓரம் தள்ளியது. நாலு பந்து, ஒருத்தி நடந்து போனாள். மறுபடி நாலு பந்து, இன்னொருத்தி போனாள். யாரும் மட்டையைத் தூக்கவேண்டிய அவசியமே இல்லாமல், பின்னால் வந்தவள் முன்னால் நின்றவளைக் கட்டம் கட்டமாகத் தள்ள, எதிரணிக்கு ஓட்டங்கள் சேர்ந்தன. வசந்தா டீச்சர் வந்து தோளில் கைவைத்து, "போதும்மா, போய் உக்காரு" என்றார். நாங்கள் தோற்றோம்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோது கம்பி வேலிக்கு வெளியே சிவப்புக் கோட்டு தெரிந்தது. அன்று காலை விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு நேரே வந்திருக்கிறார். எப்போது வந்தார், எத்தனை பந்து பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. டீச்சரிடம் சொல்லிவிட்டு என்னைத் தன்னோடு பஸ்ஸில் அழைத்துப் போனார். இடம் கிடைக்காமல் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்து நின்றோம். விக்கிரவாண்டி தாண்டியதும் அப்பா கேட்டார்.

"என் பல்ல நெனச்சிக்கினு பந்து போட்டியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு பந்து நேராத்தான் வந்துது. நான்தான் திரும்புனேன்" என்றார். திண்டிவனத்தில் இறங்கும்போது, "நல்ல பந்து அது" என்றும் சொன்னார்.

அவர் மன்னித்ததால் பாரம் குறையவில்லை, கூடியது. வீட்டுக்குப் போனதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் எதிரில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா அந்த சைக்கிள திட்டிக்கினு இருந்தேன். ரெண்டு பேரும் கேட்டுக்கினுதான இருந்தீங்க" என்றாள். பிறகு அழுதாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம், "பந்து போடணும்னா செவுத்துல போடு. செவுத்துக்குப் பல்லு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் அனுமதி என்று எடுத்துக்கொண்டு, கோயிலின் பின்சுவரில் கரியால் ஒரு கட்டம் போட்டு, முழு ஆண்டு லீவு முழுக்க எறிந்தேன். பத்தாம் வகுப்பில் மறுபடி ஆடினேன். பெரிதாக எதையும் ஜெயிக்கவில்லை; யாரையும் அடிக்காமலேயே முதல் கட்டத்துக்கு நடத்தி அனுப்பவும் இல்லை.

அப்பா பொய்ப்பல் கட்டிக்கொண்டார். பழைய இடத்தில் வைத்தால் வலித்ததால் டிரம்பெட்டை வாயின் இடது ஓரத்துக்கு நகர்த்தி, ஒரு வருஷம் போராடி, சத்தத்தை மீட்டார். ஆனால் பழைய பளபளப்பு போய்விட்டது. காற்று கலந்து, தொண்டை கட்டியவர் பேசுவது மாதிரி வந்தது. முன்வரிசையை மாஸ்டர் திருப்பித் தரவில்லை. இரண்டாம் வரிசையில் நின்று, மற்றவர்களின் சத்தத்துக்கு அடியில், அப்பா தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே அவரை யாரும் கண்டிக்கவில்லை, யாருக்கும் கேட்டிருக்காது.

பல வருஷம் கழித்து, புதுச்சேரியில் வேலை பார்த்தபோது, மழைக்கு ஒதுங்கிய ஒரு புத்தகக் கடையில் ஒரு டிரம்பெட் கேட்டது. காற்று கலந்த, கட்டிப்போன குரல். மெட்டை விட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது. புத்தகத்தை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் என்ன இது என்று கேட்டேன். ஜாஸ் என்றார். அப்படித்தான் நான் ஜாஸ் கேட்பவள் ஆனேன். ஊருக்கு வந்தபோது அப்பாவின் காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். கடைசிவரை கேட்டார்.

"இவனுக்கும் பல்லு போயிடுச்சா?"

"தெரியலப்பா."

"பாட்ட உட்டுட்டு இம்மாந்தூரம் போறானே, மாஸ்டரு ஒண்ணும் சொல்லலியா?"

"அதக் கேக்கத்தான் ஜனங்க வராங்க."

அவர் நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. செட்டு அதற்கு முன்பே கலைந்தது. பள்ளி மைதானத்தில் பாதிக்கு மேல் வகுப்பறைகள் எழும்பிவிட்டன. சாஃப்ட்பால் என்றால் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அப்பா வாசித்த ஒரு சுரம்கூட எங்களிடம் பதிவாக இல்லை. சென்ற மாதம், அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும், காணை என்ற ஊர்க்காரப் பெண், தன் அத்தையின் கல்யாண வீடியோவில் திண்டிவனத்துப் பேண்டு செட்டு வருகிறது என்று பென்டிரைவில் கொண்டுவந்தாள். சாப்பாட்டு வேளையில் பார்த்தோம். இரண்டாம் வரிசையில் அப்பா. வாயின் ஓரத்தில் டிரம்பெட், உப்பிய கன்னம். ஆனால் அந்தக் கால வீடியோக்காரர்கள் செய்கிற மாதிரி ஊர்வலச் சத்தத்தை அழித்துவிட்டு அதன் மேல் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார்கள். ஒரு இடத்தில் செட்டில் எல்லோரும் கருவியை இறக்கிவிடுகிறார்கள். அப்பா மட்டும் இறக்கவில்லை. விரல்கள் ஓடுகின்றன. பூ அலங்காரம் செய்த காருக்குள் இருக்கும் மணப்பெண் தலையைத் திருப்பி அவரையே பார்க்கிறாள். சில விநாடிகள்தான், பிறகு வெட்டிவிட்டார்கள்.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனேன், திரும்பி வந்தேன், அந்தப் பெண்ணிடம் அவள் அத்தைக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன். மறுமுனையில் பேசிய அந்த மணப்பெண் இப்போது பேரன் பேத்தி எடுத்தவர். நான் யார் என்று சொல்லி, வீடியோவில் அவர் திரும்பிப் பார்த்த இடத்தையும் சொல்லி, அன்றைக்கு அப்பா என்ன வாசித்தார் என்று கேட்டேன்.

"நெனவு இல்லியேம்மா" என்றார். "நல்லா இருந்திருக்கும். இல்லன்னா நான் ஏன் திரும்பப் போறேன்?"