பவானிபூரில் காலை ஆறு மணிக்கு மண்டபம் பார்த்த கதை

நவம்பர் கடைசியில் நான் கொல்கத்தா போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்க்க. அக்கா வசந்தாவின் மகள் மாலினிக்குத் தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சௌமிக் வங்காளிப் பையன், சால்ட் லேக்கில் அவளோடு ஒரே அலுவலகம். காலையில் நம் முறைப்படி தாலி, மாலையில் அவர்கள் முறைப்படி கல்யாணம், இரண்டுக்கும் பவானிபூரில் ஒரே மண்டபம். தேதியைத் தொலைபேசியில் சொல்லி வைத்தாயிற்று. நேரில் பார்த்து முன்பணம் கட்டுவதுதான் பாக்கி. படத்தைப் பார்த்து எதையும் நம்பாத ஆள் நான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. தாய்மாமன் வேறு!

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு 1,660 கிலோமீட்டர், ரயிலில் இருபத்தேழு மணி நேரம். மூன்றடுக்கு ஏசியில் 1,830 ரூபாய். ஹவுராவிலிருந்து அக்கா இருக்கும் லேக் கார்டன்ஸுக்கு மஞ்சள் டாக்சியில் 380 ரூபாய் கேட்டார்கள், 350க்குப் படிந்தது. மண்டபம் பார்க்க இவ்வளவு தூரமா என்று ஓட்டுநர் சிரித்தார். "மீன் நல்லா இருந்தா மண்டபமும் நல்ல மண்டபம்தான்" என்று அவர் இந்தியில் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. நாங்கள் திருநெல்வேலிச் சைவம்.

அக்கா முப்பது வருடமாகக் கொல்கத்தாவாசி. மாலை விருந்தில் மீன், ஆட்டுக்கறி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள். "மத்ததெல்லாம் அவங்க இஷ்டம்ல. தாலி மட்டும் காலைல ஏழரை ஒன்பது முகூர்த்தத்துல ஏறணும், அவ்வளவுதான் நான் கேட்டது" என்றாள்.

எந்த நேரத்தில் விசேஷமோ அந்த நேரத்தில்தான் மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அக்கா, மாலினி இருவரையும் கிளப்பினேன். அத்தானுக்கு முழங்கால் வலி, வீட்டிலேயே இருந்துவிட்டார். மெட்ரோ இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. நாலு கிலோமீட்டருக்கு டாக்சியில் 140 ரூபாய்.

மண்டப வாசலில் சீரியல் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பட்டுப்புடவையோடு பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மாப்பிள்ளை, வெள்ளைக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிப்போன குரலில் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மணப்பெண் கொட்டாவி விட்டாள்.

"மாமா, இது பாஷோர். கல்யாணம் முடிஞ்ச ராத்திரி பொண்ணு மாப்பிள்ளைய யாரும் தூங்க விடமாட்டாங்க. பாட்டு, கிண்டல், எல்லாம் உண்டு. காலைல பிதாய், அதுல பொண்ணு புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்" என்றாள் மாலினி.

அப்படியானால் மண்டபம் எப்போது காலியாகும்? மேனேஜர் கோபால்தா மண்குவளையில் தேநீரோடு வந்தார். பத்து மணிக்கு என்றார். எங்கள் தேதிக்கும் முதல் நாள் ஒரு கல்யாணம் இருக்கிறது, எங்கள் கைக்கு வருவதும் பத்து மணிக்குத்தான் என்றார்.

எங்கள் முகூர்த்தமோ ஏழரைக்கு. அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ வங்காளிக் கல்யாணத்துக்குப் போனவள், எல்லாமே மாலைக் கல்யாணம். "நம்ம ஊர் மாதிரி முந்தின நாள் சாயங்காலமே சாவி குடுத்திருவாங்கன்னு நெனச்சேம்ல. தேதிய மட்டும் கேட்டேன், மணியக் கேக்கலியே" என்றாள். இரண்டு பஞ்சாங்கத்திலும் நல்ல நாளாக அமைந்தது அந்த ஒரே தேதி. வேறு இரண்டு மண்டபங்களுக்குப் போன் போட்டோம். இரண்டும் நிரம்பிவிட்டன.

நாங்கள் யாரென்று கேட்காமலே அங்கிருந்த கல்யாண வீட்டு அம்மா ஒருவர் பூரியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து தந்தார். சோகத்திலும் நான் நாலு பூரி சாப்பிட்டேன் என்பதை மறைப்பானேன். கீழ்த்தளக் கூடம் அறுபதடிக்கு நாற்பதடி, ஹோமப்புகை வெளியேற உயரமான ஜன்னல்கள், மொட்டைமாடியில் சமையலுக்குத் தனி இடம், ஜெனரேட்டர். இந்த மண்டபத்தை விட எனக்கு மனசே வரவில்லை.

மாலினிதான் கேட்டாள், முதல் நாள் கல்யாணக்காரரிடமே பேசினால் என்ன என்று. கோபால்தா அந்த முதல் நாள் கல்யாணப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு மாலினி கையில் கொடுத்தார். "காக்கு" என்று, சித்தப்பாவை அழைப்பதுபோல அழைத்து, வங்காளியில் பொழிந்து தள்ளினாள். நாங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று சிரித்தாள்.

"அஞ்சு மணிக்குக் கீழ்த்தளத்தக் காலி பண்ணி, பாஷோர மாடிக்கு மாத்திக்கறாங்களாம். அவங்க பொண்ணு ஒன்பதரைக்குக் கிளம்புமாம். ஆனா ஒரு கண்டிஷன். ராத்திரி பூரா முழிச்ச எழுபது பேருக்குக் காலைல இட்லி சாம்பார் வேணுமாம்."

"நூறு பேருக்கே போடுதேன்னு சொல்லுட்டி!" என்று அக்கா கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. முகம் தெரியாத ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்திருக்கிறார்!

வாடகை 85,000. கீழ்த்தளம் ஐந்து மணிக்கு எங்கள் கையில் என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். கொல்கத்தாவில் காலை முகூர்த்தம் வைப்பவர்கள் தேதியோடு நிற்காமல், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். சைவச் சமையலுக்குத் தனி அடுப்பும் பாத்திரமும் உண்டா என்று பாருங்கள். வாழையிலை, பூவுக்கு லேக் மார்க்கெட் இருக்கிறது. முக்கியமாக, அங்கே விசேஷம் நடக்கும்போது போய்ப் பாருங்கள். காலி மண்டபத்தைப் பார்த்திருந்தால் நாங்கள் சந்தோஷமாக ஏமாந்திருப்போம்.

திரும்பும்போது டாக்சியில் அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். மறுபடி ஏதோ கவலை என்று நினைத்தேன்.

"ஏல, அந்த மனுசன் மக பேரு என்னன்னு கேட்டியா?"

இல்லை என்றேன்.

"கேளு. அவளுக்கும் ஒரு பட்டுச்சேலை எடுக்கணும். அன்னைக்கு நம்ம கல்யாணத்துலேந்து கெளம்புத பொண்ணுல்லா அது, வெறுங்கையோடயா அனுப்ப?"